அப்பாவுக்குச் சின்ன டூபா

எங்கள் வீட்டில் டூபா என்ற பெயரை யாரும் சொன்னதில்லை. பேண்டு செட்காரர்கள் சொல்வதுபோல நாங்களும் பேஸ் என்றே சொன்னோம். இடுப்பில் தொடங்கித் தலைக்கு மேல் போய் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் அந்தப் பித்தளைச் சாமானைத் தோளில் மாட்டிக்கொண்டு, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் அப்பா நடக்காத தெரு இல்லை. கல்யாணம், மாதா தேர், சாவு, கட்சி ஊர்வலம் எதுவானாலும் கடைசி வரிசை அவருடையது. எனக்குப் பத்து வயதானபோது அவருக்குக் குடலிறக்கம் வந்தது. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று.

ஆறு மாதம் கழித்து, மெதுவாக ஊதிப் பார்க்கலாம், ஆனால் கனமான எதையும் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்பாவின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. அதற்குள் பேண்டு மாஸ்டரும் சொல்லி அனுப்பிவிட்டார். தேர்த் திருவிழாவுக்குள் ஏதாவது சின்ன பேஸோடு வந்தால் சரி, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம். அப்பாவுக்கு அன்றைக்கு இரவுச் சோறு இறங்கவில்லை. அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் என்னை அவரோடு விழுப்புரத்துக்கு அனுப்பினாள். நான் போனது மகளாக இல்லை, தராசாக.

மாதாமாதம் ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையைத் தூக்கி வருவது என் வேலை. அம்மாவுக்கு அதுதான் கணக்கு.

"அந்த அரிசிப் பையவிட கனமா இருந்துச்சுன்னா வேணாம்னு சொல்லிட்டு எழுந்து வந்துடு. உங்கப்பா நைசா பேசுவாரு, மயங்கிடாதடீ."

நான் மயங்குகிற ஆள் இல்லை. அப்பா வலி தாங்காமல் தரையில் சுருண்டு கிடந்ததை நான் பார்த்திருந்தேன். பெரிய பேஸ்தான் அவர் வயிற்றைக் கிழித்துவிட்டது என்று எனக்கு அதன்மேல் தீராத கோபம். எது வாங்கினாலும் அது அப்பாவை ஒன்றும் செய்யாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. பழைய பேண்டு சாமான்களை ரிப்பேர் செய்து விற்கிற பாய் ஒருவர் நடத்திவந்தார். எங்கள் பெரிய பேஸை ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்று தருவதாகப் பேச்சு. இரண்டை எடுத்துத் துடைத்து வைத்திருந்தார். ஒன்று ஏதோ பள்ளிக்கூடப் பேண்டிலிருந்து வந்த பொடிசு. இன்னொன்று நடுவாந்தரம்.

நான் என் வேலையை ஆரம்பித்தேன். பொடிசைத் தூக்கிக் கடை வாசல்வரை போய் வந்தேன். அரிசிப் பையைவிட லேசு. நடுவாந்தரத்தைத் தூக்கியபோது பாதி வழியிலேயே கீழே வைக்க வேண்டியிருந்தது. பரீட்சை ரிசல்ட்டைப் பார்ப்பதுபோல அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, அரிசி கனம்தானே?"

"கொஞ்சம் கூடப்பா."

"கொஞ்சம்னா? ரெண்டு படி இருக்குமா?"

"இருக்கும்."

"ரெண்டு படி ஒரு கனமா? நடந்து பாத்துட்டு சொல்றேன் இரு" என்றார்.

பேண்டில் வாசிப்பது உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. கடையில் நின்று ஊதினால் எல்லா பேஸும் நன்றாகத்தான் இருக்கும், நடந்து ஊதினால்தான் அதன் வண்டவாளம் தெரியும் என்பார் அப்பா. அதிலும் வேகமான பாட்டு உதவாது, பிழையெல்லாம் அதில் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து நிறுத்துகிற மெதுவான மெட்டு வேண்டும். அப்படி மெதுவான மெட்டு அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், சாவுக்கு வாசிக்கிறது.

பாய் நடுவாந்தரத்தைத் தூக்கி அவர் தோளில் மாட்டிவிட்டு, ஏதோ தேட உள்ளே போனார். அப்பா தெருவில் இறங்கி, அடி அளந்து வைத்து ஊதத் தொடங்கினார்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். எனக்குப் பாதத்துக்குக் கீழே தரை அதிர்ந்தது. முதலில் எதிர்ப்பக்கத்து வளையல் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், சட்டென்று ஷட்டரைப் பாதி இறக்கினார். சாவு போகும்போது கடையைப் பாதி சாத்துவது எங்கள் பக்கத்து மரியாதை. அடுத்து செல்போன் கடை, அப்புறம் டீக்கடை. தலையில் முண்டாசு கட்டியிருந்த ஒருவர் அதை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு அம்மா ஓடிவந்து வாசலில் விளையாடிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆட்டோ ஒன்று ஓரம் கட்டி நின்றது.

"யாருங்க தவறிட்டது?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். அப்பாவின் வாய்தான் பேஸில் இருக்கிறதே. கண்ணை மட்டும் உருட்டினார். நான்தான் ஓடிப்போய், "யாரும் தவறலைங்க, பேஸ் வாங்கினு இருக்கோம்" என்றேன்.

அதற்குள் பாய் தலைதெறிக்க ஓடி வந்தார். "அண்ணே, ஜல்தி உள்ள வாங்க! காலையில மொத்தத் தெருவையும் சாத்த வெச்சிட்டீங்களே, பெரிய பேஜாரா பூட்ச்சே!"

ஷட்டர்கள் கரகரவென்று மேலே போயின. சிலர் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பாவுக்கோ திட்டு வாங்கிய முகமாகவே இல்லை. அத்தனை சந்தோஷத்தை அந்த ஆறு மாதத்தில் நான் அவரிடம் பார்க்கவில்லை. ஆனால் கடைப் படியில் ஏறும்போது ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"அதையும் குடு பாய்" என்றார்.

பொடிசை அவரே மாட்டிக்கொண்டார். அதே தெரு, அதே மெட்டு, அதே நடை. வளையல் கடைக்காரர் வளையல்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். டீக்கடையில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பரில் தலையை நுழைத்துக்கொண்டார். அதே ஆட்டோக்காரர் பின்னாலிருந்து ஹாரன் அடித்து, அப்பாவை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போனார். தெரு முனைவரை ஊதிக்கொண்டே போன அப்பா, திரும்பி வரும்போது ஊதவில்லை.

"இதையே குடுத்துடு" என்றார் பாயிடம். பாய் இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொடிசைத் துணி சுற்றிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "சத்தம் எப்படி இருக்குது?" என்று அப்பாவைக் கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சூப்பர்மா! இன்னொண்ணு ஊதினதுக்கு எல்லாக் கடையும் சாத்திட்டாங்க, ஒரே திட்டு. இதுக்கு ஒருத்தரும் திரும்பிக்கூட பாக்கல. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல."

அம்மா சிரிக்க ஆரம்பித்தவள், அப்பாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். "ஆமா, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல" என்றார்.

நல்லதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. தேர் வரைக்கும் அந்தக் கதையை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். போகும்போதெல்லாம், சாட்சிக்கு அப்பாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.