நூறு வீதம்

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகள் நகுலேஸ்வரனின் கையில். மற்ற இரண்டு முனைகள் எதிரே நிற்கும் றெயாலின் கையில். இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வந்த துணியை ஒருதரம் உதறுகிறார்கள். "சை யங்," என்கிறார் றெயால். இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடக்கிறார்கள். முனைகள் சேர்வதற்குள் விடை வந்துவிட வேண்டும், அதுதான் அவர்களுக்குள் சட்டம். "ஐந்நூற்றுப் பதினொன்று," என்று பிரெஞ்சில் சொல்லி முனைகளை ஒப்படைத்துவிட்டு, "நூறு வீதம்," என்று தமிழிலும் ஒரு முத்திரை குத்துகிறார் நகுலேஸ்வரன். பேஸ்போலில் சை யங் பந்தெறிந்து வென்ற ஆட்டங்கள் அத்தனை. அவர் இறந்து நாற்பது வருடம் ஆகிறது.

மொன்றியல் நடுநகரில் ஒரு ஹோட்டல். அதன் நிலக்கீழ்த் தளத்தில் சலவைக்கூடம். அங்கே ஆறு வருடமாக இந்த நாடகம் நடக்கிறது. றெயாலுக்கு அறுபது வயது, ஆங்கிலம் மருந்துக்கும் இல்லை. நகுலேஸ்வரனின் பிரெஞ்சு போன்ஜூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும். ஆனால் எண்கள் மட்டும் தண்ணீர்பட்ட பாடு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, அட்டை கிழிந்த தடித்த பேஸ்போல் புள்ளிவிவரப் புத்தகம் ஒன்றை றெயால் கொடுத்தார். பேசுவதற்கு இருவருக்கும் ஏதாவது வேண்டுமே. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீட்டுக் குசினி மேசையில் இருந்து நகுலேஸ்வரன் அதைக் கரைத்துக் குடித்தார்.

ஊரில் அவர் கொடிகாமம் புகையிரத நிலையத்தில் எழுதுவினைஞர். எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பலகையைப் பார்க்காமல் சொன்னவர். அந்த மூளை இங்கே சும்மா கிடக்குமா? கூப்பர்ஸ்டவுன் என்ற அமெரிக்கச் சிற்றூரில் பேஸ்போல் மேதைகளுக்கென்று ஒரு மண்டபம் இருக்கிறது, ஹோல் ஒஃப் ஃபேம். அந்த மண்டபத்துக்குள் எவர் எந்த ஆண்டு எடுக்கப்பட்டார், எவர் எத்தனை அடித்தார், எவர் எந்த மாதம் பிறந்தார் என்பதெல்லாம் இவருக்கு அத்துபடி. மனைவி புஷ்பவதி வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார்: "செத்துப்போன வெள்ளைக்காரன்ர பிறந்தநாளெல்லாம் இவருக்குத் தெரியும். என்ர பிறந்தநாளைக் கேளுங்கோ பாப்பம்." நகுலேஸ்வரன் அந்த நேரம் பார்த்துக் மும்முரமாகத் தேத்தண்ணீர் குடிப்பார்.

முன்பெல்லாம் அவர் விரும்பிச் சொல்கிற கதை ஒன்று இருந்தது. 1941ஆம் ஆண்டு ஆட்டப் பருவத்தின் கடைசி நாள். டெட் வில்லியம்ஸின் அடிவிகிதம் ஆயிரத்துக்கு நானூறு என்று ஏற்றுக்கொள்ளக்கூடிய நிலையில் நின்றது. அன்று சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தப் பெருமை கையை விட்டுப் போகாது. அவர் உட்காரவில்லை. இரண்டு ஆட்டம் ஆடி, எட்டுக்கு ஆறு அடித்து, நானூற்றாறில் முடித்தார். "தெரிஞ்சவன் ஏன் சும்மா இருக்கோணும்?" என்று கேட்டு முடிப்பார் நகுலேஸ்வரன். இந்தக் கதையை அவர் சொல்லி இப்போது மூன்று வருடம் ஆகிறது. யாராவது எடுத்துக்கொடுத்தாலும் பேச்சை மாற்றிவிடுகிறார்.

1992இல் அவருடைய தம்பி குணரத்தினத்தின் அகதி விசாரணை நடந்தது. தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர் அண்ணன். ஆகவே சாட்சி. "எப்போது பிடித்தார்கள்?" என்று கேட்டார்கள். நகுலேஸ்வரனுக்குத் தெரிந்ததெல்லாம் அது 1988இல் நல்லூர்க் கோயில் தேரன்று பின்னேரம் என்பதுதான். எங்கள் ஆட்கள் எவருக்கும் காலம் அப்படித்தான் கிடக்கிறது. தேருக்கு முதல்நாள், பூங்காவனத் திருவிழாவுக்கு மற்றநாள். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் தேரும் பூங்காவனமும் இந்த அறையில் யாருக்கு விளங்கும் என்று நினைத்து, திகதியாக மாற்றி, "ஓகஸ்ட் முப்பது," என்றார். "நிச்சயமாகவா?" என்று இன்னொரு தரம் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தேவதாசன் தன்னால் முடிந்தவரை மெதுவாக அந்தக் கேள்வியைத் தமிழில் வைத்தார். நகுலேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்து, "நூறு வீதம்," என்றார்.

தம்பியின் வாக்குமூலத்தில் செப்டெம்பர் பத்து என்று இருந்தது. அதுதான் சரி. பார்க் எக்ஸ்டென்ஷன் பஸ்ஸில் பாதி வழியில் நகுலேஸ்வரனுக்கு விளங்கிவிட்டது. ஓகஸ்ட் முப்பது அதற்கடுத்த வருடத்துத் தேர். ஊரை விட்டு வருவதற்கு முன்னர் அவர் கடைசியாகக் கும்பிட்ட தேர். அது நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. தேர் வருடாவருடம் திகதி மாறும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். றெயாலின் வீரர்கள் அப்படி நகர்வதில்லை, பிறந்த திகதியிலேயே பிறந்து கிடப்பார்கள்.

"ஞாபகமில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் அண்ணை," என்றார் தேவதாசன், தீர்ப்பு வந்த அன்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அண்ணனின் வாயால் தம்பி கெட்டான். குணரத்தினத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில், எந்த நேரம் பொலீஸ் வந்து பெயர் கேட்கும் என்று காத்திருக்கிற ஆட்களில் அவனும் ஒருவன். ஞாயிறு காலையில் தொலைபேசி எடுக்கிறான். "விடுங்கோ அண்ணை. நீங்கள் வேணுமெண்டே சொன்னனீங்கள்?" என்கிறான். ஏசினாலாவது பரவாயில்லை. ஏசமாட்டான், அவன் சுபாவம் அது. இவர் தொலைபேசியை வைத்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார்.

கிறிஸ்டி மத்யூசன் என்றொரு பந்துவீச்சாளர். வென்றது முந்நூற்று எழுபத்திரண்டு என்று எழுதி வைத்திருந்தார்கள். அவர் இறந்து பல வருடங்களின் பிறகு எவரோ பழைய தாள்களைக் கிளறி, ஒரு வெற்றி விடுபட்டுப்போனதைக் கண்டுபிடித்து, முந்நூற்று எழுபத்துமூன்று ஆக்கினார்கள். "செத்தவனுக்கே திருத்திக் குடுக்கிறாங்கள்," என்று ஒருமுறை புஷ்பவதியிடம் சொன்னார். புஷ்பவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

போன மாரியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. வழக்கறிஞர் புதிதாக ஒரு மனுப் போட்டார். ஏற்றுக்கொண்டால் அண்ணனை மறுபடியும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும் என்பதுதான் வழக்கறிஞர் அவருக்கு வைத்த ஒரே நிபந்தனை. கேட்பதற்கு என்னவோ சின்ன விஷயம்தான். நகுலேஸ்வரன் றெயாலிடம் கேட்டு அந்தச் சொல்லைப் பிரெஞ்சிலும் பழகினார். "ஷே பா." தெரியாது. விரிப்பு மடிக்கிறபோதே பயிற்சி. றெயால் ஆளின் பெயரைச் சொல்வார், இவர் விடை தெரிந்தாலும் ஷே பா என்று சொல்லவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து வருவார். முனைகள் சேர்கிற நேரம் ஷே வரைக்கும் வந்துவிட்டு, "இரண்டாயிரத்து நூற்று முப்பது" என்று லூ கெஹ்ரிக் தொடர்ந்து ஆடிய ஆட்டங்கள் முழுதாக வெளியே விழும். றெயால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நகுலேஸ்வரனுக்குச் சிரிப்பு வராது. நாலு மாதம் முயன்றும் ஒருநாள் கூட அந்தச் சொல் வாயால் முழுசாக வரவில்லை.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர், சலவைக்கூடத்துச் சுவரில் இருக்கும் தொலைபேசிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். தேவதாசன்.

"அண்ணை, கடிதம் வந்திட்டுது. எடுக்கேல்லையாம்."

"என்னை எப்ப வரச் சொல்லினம்?"

"இல்லை அண்ணை. விசாரணை இல்லாமலே மறுத்திட்டினம். நீங்கள் வரத் தேவையில்லை."

"ஓம்," என்றார் நகுலேஸ்வரன். இன்னொரு தரமும் ஓம் என்றார். பிறகு றிசீவரை அதன் கொளுவியில் மாட்டிவிட்டு, கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வந்து விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தார்.

றெயாலுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், இருப்பதிலேயே லேசான கேள்வியாக எடுத்தார். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த கேள்வி. "ஜாக்கி றொபின்சன். நாற்பத்தாறு. மொன்றியலுக்கு ஆடின வருசம்." அடிவிகிதம் முந்நூற்று நாற்பத்தொன்பது. நகுலேஸ்வரன் புத்தகத்தைத் திறந்து முதன்முதலில் மனப்பாடம் செய்த எண் அது.

உதறினார்கள். நடந்தார்கள். முனைகள் சேர்ந்தன.

"ஷே பா," என்றார் நகுலேஸ்வரன்.

சொல் முழுசாக வந்தது. றெயால் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, முனைகளை வாங்காமல் நின்றார். நகுலேஸ்வரன் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, முனைகளை அதற்குள் வைத்து மூடிவிட்டு, உருளையில் அடுத்த விரிப்பை எடுக்கத் திரும்பினார்.