ஆரஞ்சுச் சட்டை பறிமுதல் செய்யப்பட்டது குறித்து

குற்றச்சாட்டு: 2025ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், புதன்கிழமை மாலை, டெங்கிலுக்கு அப்பால் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சிறிய மருத்துவமனையின் நிர்வாகம், அதன் வாசலில் வீரம்மா என்னும் பெண்மணி வைத்திருந்த நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கிச் சென்று சாமான் அறையில் பூட்டியது. சொல்லப்பட்ட காரணம், உரிமமின்றித் துணி வாடகைக்கு விட்டார் என்பது. பெட்டியில் இருந்தவை நீளக் காற்சட்டைகள், கைலிகள், பூவேலை அச்சிட்ட ஓர் ஆரஞ்சு நிறப் பாத்தேக் சட்டை. அந்தச் சட்டை போனதிலிருந்து ஆண்கள் வார்டில் இருக்கும் திரு. கமலநாதன் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறார்.

வாடகை என்று ஒரு காசும் வாங்கப்படவில்லை. அவர் வாங்கியது வேறு. அதை விளக்க, வீரம்மா யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

வாசலுக்கு எதிரே மரத்தடியில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, கட்டி விற்பவர் அவர். அதற்கு உரிமம் உண்டு. நகல் என்னிடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவர் கணவர் இங்கே படுத்திருந்தபோது, லோரிப் பட்டறையில் வேலை பார்க்கும் மகன் அரைக்கால் சட்டையோடு ஓடி வந்தான். காவலர் விடவில்லை. வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவதற்குள் பார்வை நேரம் முடிந்துவிட்டது. பெற்ற அப்பனைப் பார்க்க வராதவன் என்று கணவர் கோபித்துக்கொண்டார். குணமாகி வீடு திரும்பிய பிறகும் அந்தக் கோபம் தீபாவளி வரை நீடித்தது. நடுவில் இருந்து இருவருக்கும் தூது போய்க் களைத்த வீரம்மா, இனி எந்த வீட்டிலும் இந்தச் சண்டை வரக்கூடாது என்று இந்த இரவல் துணிப் பெட்டியை வைத்தார்.

மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பார்வை நேரம் மாலை நான்கரை முதல் ஏழு வரை. அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. திருப்பி அனுப்பப்படுபவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இல்லை.

எனக்கும் அது தெரியாமல்தான் போயிற்று. டெங்கிலில் தங்கை வீட்டுக்குப் போன என் மனைவி தாமரை வழுக்கி விழுந்தாள் என்று செய்தி வந்ததும், பண்டமாரானிலிருந்து உடுத்தியிருந்தபடியே கிளம்பினேன். வாசலில் காவலர் பிரவின் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கிள், சோர்ட்ஸ், சிங்லெட் ரெண்டுமா? உள்ள விட முடியாது லா."

"என் சம்சாரம் உள்ள இருக்கு, தம்பி."

"எல்லாருக்கும் சம்சாரம்தான் அங்கிள் உள்ள இருக்கு. எதுக்க அக்காகிட்ட போங்க."

வீரம்மா என் வயிற்றை ஒரு பார்வையில் அளந்தார். "உங்களுக்கு ஆரஞ்சுதான் அண்ணே பத்தும். ஆனா அத போட்டா ஒரு வேல இருக்கு. அக்காவ பாத்துட்டு, ஜன்னலோரம் கமலநாதன் அண்ணனுக்கு கை கொடுத்து நடக்க வைக்கணும். மறந்துட்டு வந்தீங்கன்னா சட்டைய கழட்டவே விட மாட்டேன்."

இதுதான் அவர் வாங்கிய வாடகை.

திரு. கமலநாதன் பழைய பேருந்து நடத்துநர், குடும்பம் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து, பெரிய மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை முடிந்து, நடைபழக இங்கே அனுப்பப்பட்டவர். தாதிகளோடு நடக்க அவருக்குக் கூச்சம். முன்பு ஒரு நாள் ஆரஞ்சுச் சட்டையில் வந்த ஒருவர் கட்டில் மாறி அவரருகில் உட்கார்ந்துவிட்டார். வந்தவரை இவர் விடுவாரா? அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டு வாசல் வரை நடந்தார். மறுநாள் அதே சட்டையில் வேறொருவர் வந்ததும், "நேத்து பாதியில விட்டுட்டுப் போனியே, வா" என்று கையை நீட்டினார்.

"நான் நேத்து வரவே இல்ல அங்கிள்."

"மூஞ்ச யாரு கேட்டா? பஸ்ஸுல டிரைவர் மாறுவான், ரூட் அதேதான்."

அன்று முதல் அது வழக்கமாயிற்று. நானும் நடத்தினேன். நான் மெதுவாகப் போவதாகவும், என்னைப் போன்ற ஓட்டுநரால்தான் கிள்ளான் பேருந்து எப்போதும் தாமதம் என்றும் அவர் வழியெல்லாம் ஏசினார். எதிர் வார்டில் தாமரை கட்டிலில் இருந்தபடியே அதைக் கேட்டுச் சிரித்தாள்.

பெட்டி பறிக்கப்பட்ட மறுநாள் என் சொந்தச் சட்டையில், சொந்தக் காற்சட்டையில், விதிப்படி போய் நின்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சர்வீஸ் நிறுத்தியாச்சா?" என்று மட்டும் கேட்டார். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அதே நிறத்தில் ஒரு சட்டை வாங்கிப் போட்டுப் போனேன், ரசீது இருக்கிறது. தொட்டுப் பார்த்துவிட்டு, "மடிப்பே கலையல. டூப்ளிகேட் பஸ்ஸுல நான் ஏற மாட்டேன்" என்றார்.

தாதி டொரத்தி என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார். "சிரிக்காதீங்க அங்கிள். இப்படியே படுத்திருந்தா காலு மடங்காம போயிரும். அப்புறம் வீல்சேர்தான்."

வீரம்மாவிடம் சொன்னேன். நாசி லெமாக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "பெட்டிய அவங்களே வச்சுக்கட்டும் அண்ணே. வேணும்னா துணி எல்லாத்தையும் அவங்களே போட்டுக்கட்டும். அந்த ஒரு சட்டைய மட்டும் கேட்டு வாங்குங்க" என்றார்.

நான் அவ்வளவு பெரிய மனம் படைத்தவன் அல்லன். எனவே முழுமையாகவே கேட்கிறேன்.

ஒன்று, பெட்டி வாசலுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு, எந்தப் பணம் வாங்கப்பட்டது, யாரிடம் வாங்கப்பட்டது என்பதை நிர்வாகம் கூற வேண்டும். கூற இயலாவிட்டால் வீரம்மாவிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். மூன்று, ஆரஞ்சுச் சட்டையை உறையிலிட்டு அனுப்பக் கூடாது. பெட்டியைத் தூக்கிச் சென்ற அதிகாரி அதை அணிந்துகொண்டு, பார்வை நேரத்தில், ஜன்னலோரக் கட்டிலுக்கு நேரில் வர வேண்டும். அவர் உடல்வாகுக்கும் அது பொருந்தும். வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஏச்சு வாங்கத் தயாராக வருவது நல்லது.

நிர்வாகத்தின் வசதிக்காக இதன் மலாய் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். தொலைபேசியில் சமாதானம் சொல்ல வேண்டாம். கையொப்பமும் தேதியும் இட்ட பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

மு. முகுந்தன்
பண்டமாரான், கிள்ளான்