நான் வரைந்த வீட்டைப் பார்க்கப் பினாங்கு போனேன்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, நானே கட்டிய ஒரு வீட்டை முதல்முறையாகப் பார்க்கப் பினாங்கு போனேன். குடியிருக்கும் வீடு இல்லை. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் ஆன கடைவீடு, முப்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரம். நீ கட்டியதை நீயே பார்த்ததில்லையா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள், என் வீட்டுக்காரரும் நாலு வருஷமாக அதைத்தான் கேட்கிறார்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. கிள்ளானில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை. சாயங்காலம் சமையல் முடிந்ததும் கணினி முன் உட்கார்ந்து, கட்டை அடுக்கி மாடல் செய்யும் ஓர் இலவசச் செயலியைத் திறந்துகொள்வேன். அதில் எல்லா நிறமும் எல்லா வடிவமும் வேண்டிய மட்டும் கிடைக்கும். கடையில் உண்மையான கட்டை என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்கள் இதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார்கள். என்னிடம் கையில் இருப்பது ஒரு பிஸ்கட் டின் அளவுதான். திரையில் கட்டி முடித்ததும், எந்தக் கட்டையை எங்கே வைப்பது என்று படிப்படியாகப் படம் போட்டு இணையத்தில் சும்மா கொடுத்துவிடுவேன். யாராவது கட்டுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. "இல்லாத கட்டைய வெச்சு இல்லாத வீடு கட்டுற" என்பார் என் வீட்டுக்காரர் குணா. எங்கள் கட்டைக் குழுவிலும் என் போன்றவர்களுக்கு 'ஸ்கிரீன் கொத்தனார்' என்று பெயர். சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும்.

இந்த வீடு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் இருப்பது போன்ற மாடி வைத்த கடைவீடு. கீழே மசாலா சாமான் கடை, மேலே நீல ஜன்னல்கள், கடைக்கு முன்னால் மாடிக்கு அடியிலேயே நிழலாக ஓடும் நடைபாதை. ஐந்தடிப் பாதை என்பார்கள். சின்னப் பிள்ளையில் ஒருமுறை பினாங்கு போனதோடு சரி, இணையத்தில் கிடைத்த படங்களைப் பார்த்துத்தான் செய்தேன். மொத்தம் 2,314 கட்டைகள், 268 படிகள். மிளகாய் மூட்டைக்கு எந்தச் சிவப்பு என்று மட்டும் மூன்று நாள் யோசித்தேன். ஒரு வருஷத்தில் அறுபத்தொரு பேர் அதை இறக்கிக்கொண்டார்கள். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள் பினாங்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் யூசுப், லிட்டில் இந்தியாவில் பல் டாக்டர், ஐம்பது வயதுக்காரர். எட்டு மாதம் கட்டை சேர்த்து என் வீட்டைக் கட்டியிருக்கிறார். 212ஆம் படியில் கூரையை வைத்ததும் மேல்மாடியின் முன்பக்கம் கழன்று விழுகிறதாம். எனக்கு வந்ததே கோபம். திரையில் ஜம்மென்று நிற்கிறதே, அப்புறம் என்ன? கட்டையை நன்றாக அழுத்தினீர்களா என்று பதில் போட்டேன். பல் பிடுங்குகிறவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? பதிலுக்கு அவர் நாற்பது வினாடி வீடியோ ஒன்றை அனுப்பினார். கூரை ஏறுகிறது, ஒரு நொடி நிற்கிறது, மாடி பொத்தென்று நடைபாதையில் விழுகிறது. மூன்று தடவை பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. செயலியில் ஒரு கட்டையை அந்தரத்தில் வைத்தாலும் அது அங்கேயே நிற்கும். மாடியின் முன்பகுதிக்கு அடியில் பிடிமானமே இல்லாமல் நான் பாட்டுக்கு ஜன்னலும் கூரையும் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு, நீங்களே சரி செய்துகொள்ளுங்கள் என்று எழுதினேன். மாட்டேன் என்றுவிட்டார். எங்கள் பொழுதுபோக்கில் அப்படி ஒரு மரியாதை உண்டு. ஒருவர் பெயர் போட்ட மாடலை அவரைக் கேட்காமல், அவர் பார்க்காமல் மாற்ற மாட்டோம். கூடவே இன்னொன்றும் செய்து வைத்திருந்தார் மனிதர். பெரியவர்கள் கட்டிய மாடல்களுக்கு ஜார்ஜ் டவுனில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னக் கண்காட்சி. அதில் என் பெயரில் மேசை பதிந்துவிட்டார். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மாடல் தானாக நிற்க வேண்டும், பசையும் முட்டுக்கொடுப்பதும் கூடாது. முதல் நாள் சனி மாலை ஏழு மணிக்குள் நிற்கிற படம் போய்ச் சேராவிட்டால் மேசை வேறொருவருக்கு. உண்மையான கட்டையில் எனக்கென்று இருப்பது இந்த ஒரே வீடு, அதுவும் விழுகிற வீடு. போகலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் முழித்தேன். கடைசியில் குணாவே டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் காலை 7.30க்கு ரயில், பட்டர்வொர்த்தில் 11.45க்கு இறங்கினேன். ஒரு வழிக்கு 79 வெள்ளி, அதாவது ரிங்கிட். குளிர்சாதனம் உறைய வைக்கும், சால்வை கட்டாயம். நிலையத்திலிருந்து மேம்பாலத்தில் பத்து நிமிடம் நடந்தால் ஃபெரி முனை. ஆளுக்கு 2 வெள்ளி, ரொக்கம் வாங்குவதில்லை, பயண அட்டை வேண்டும். எனக்குத் தெரியாமல் வரிசையில் அசடு வழிந்தேன், பின்னால் நின்ற ஒரு மலாய் அக்கா தன் அட்டையைத் தட்டிவிட்டுக் காசும் வாங்கிக்கொள்ளவில்லை. கால் மணி நேரத்தில் தீவு. அங்கிருந்து லிட்டில் இந்தியா ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, நடந்தேன். மத்தியான வெயிலில் அது புத்திசாலித்தனம் இல்லை.

மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே கிளினிக். சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடுவார். பத்தொன்பது மரப்படி ஏறினால் கிராம்பு எண்ணெய் வாசனை. யூசுப் டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, வாங்க தங்கச்சி என்று உள்ளே கூட்டிப்போனார். மேசை மேல் என் வீடு. மாடி விழாமல் இருக்க முன்னால் இரண்டு பக்கமும் பற்பசை டப்பாவை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்த ஜன்னல், இங்கே விரல் வைத்தால் திறக்கிறது. மூட்டையில் மிளகாய் நான் நினைத்த அதே சிவப்பு. முகம் தெரியாத ஒரு மனிதர், நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன நிறத்தில், ஒவ்வொன்றாக இரண்டாயிரம் கட்டை வைத்திருக்கிறார். இதற்கு முன் எனக்காக யாரும் இத்தனை மணி நேரம் செலவு செய்ததாக ஞாபகம் இல்லை. கண் கலங்கிவிட்டது. டாக்டர் நாகரிகமாகத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

ஒன்றரை மணிக்கு வேலையைத் தொடங்கினோம். மாடித் தளத்தை நீளப் பலகைகளால் பின்சுவரோடு இழுத்துப் பிடிப்பது என் யோசனை. மூன்று மணிக்கு மறுபடி விழுந்தது. இந்தத் தடவை நீல ஜன்னல்கள் சிதறி நோயாளி நாற்காலிக்கு அடியில் ஓடிவிட்டன. நானும் டாக்டரும் தரையில் தவழ்ந்து தேடினோம். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை நாற்காலிக்கு அடியில் நீட்டி அவர் இரண்டு கட்டையைக் கண்டுபிடித்தார். நாலு மணிக்கு இன்னொரு யோசனை, அதுவும் விழுந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஸ்கிரீன் கொத்தனார் என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். "முதல்ல ஒரு டீ குடிச்சிட்டு வாங்க தங்கச்சி, வீடு எங்கயும் போவாது" என்றார் டாக்டர்.

கீழே இறங்கி தே தாரே என்கிற ஆற்றின டீ வாங்கிக்கொண்டு, 2.20 வெள்ளி, மசாலா கடை ஒன்றின் ஐந்தடிப் பாதையில் ஒதுங்கி அப்பாடா என்று சாய்ந்தேன். உள்ளேயிருந்து கடைக்கார அக்கா கத்தினார்.

"அதுல சாயாத மா, பெயிண்ட்டு காயல."

தோள்பட்டையெல்லாம் வெள்ளைச் சாயம். புது பிளவுஸ் வேறு. அக்கா பழந்துணியோடு வந்து தேய்த்துக்கொண்டே, காலையிலிருந்து நான் நாலாவது ஆள் என்றார். நான் எதில் சாய்ந்தேன் என்று அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். தூண். பக்கத்துக் கடைக்கும் தூண். தெருக்கோடி வரைக்கும், மாடியின் முன்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, கடைக்குக் கடை தூண்.

நான் பார்த்து வரைந்த படத்திலும் இரண்டு இருந்தன. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மிளகாய் மூட்டையை மறைக்கிறது என்று நான்தான் எடுத்துவிட்டேன். டாக்டர் பற்பசை டப்பா வைத்திருந்ததும் அதே இரண்டு இடத்தில். இரண்டரை மணி நேரம் டப்பாவை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டு இருந்தோமே தவிர, இரண்டு பேருக்கும் புத்தி அங்கே போகவில்லை. அக்காவைக் கட்டிப்பிடித்திருப்பேன், சாயம் ஒட்டும் என்று விட்டுவிட்டேன். பத்தொன்பது படியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

ஒரு தூணுக்கு ஒன்பது, இரண்டுக்குப் பதினெட்டு வெள்ளை உருளைக் கட்டை வேண்டும். டாக்டர் எல்லா டப்பாவையும் கொட்டிப் பார்த்தார், நாலு இருந்தது. மணி ஐந்தே கால். அந்த நேரத்தில் அந்தக் கட்டையை எங்கே போய் வாங்குவது? அவர் எழுந்து வரவேற்பறைக்குப் போனார். அங்கே கண்ணாடி அலமாரியில் மணிக்கூண்டு மாடல் ஒன்று இருந்தது. ஊர் மணிக்கூண்டைப் பார்த்து அவரே சொந்தமாக வடிவமைத்துக் கட்டியது. அதைத் தூக்கிவந்து மடியில் வைத்து, நடு அடுக்கிலிருந்து வெள்ளை உருளைகளைக் கழற்ற ஆரம்பித்தார். பதறிப்போய், வேண்டாம் அண்ணே என்று கையைப் பிடித்துவிட்டேன். அதுவரை டாக்டர் டாக்டர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இது நின்னு மூணு வருஷம் ஆச்சு தங்கச்சி" என்றார், தலையைத் தூக்காமலேயே. "உங்க வீடு இன்னும் ஒரு நாளுகூட நிக்கலயே."

ஒவ்வொன்றாக என் கையில் போட்டார். நான் ஒவ்வொன்றாக அழுத்தினேன். இரண்டு தூணையும் முழுதாக நானே வைத்தேன். கூரையை ஏற்றிவிட்டு இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். நின்றது. 6.41க்குப் படம் அனுப்பினோம்.

ராத்திரி தங்கியது பக்கத்துச் சந்தில் 118 வெள்ளி அறை. சுத்தம், ஆனால் ஜன்னல் இல்லை. மறுநாள் காலை போக வேண்டிய கண்காட்சி மண்டபம் அறுநூறு மீட்டர்தான். காரில் வைத்தால் குலுங்கும் என்று டிரைஷா பிடித்தோம். நாம் முன்னால் உட்கார, பின்னாலிருந்து மிதிக்கிற மூன்று சக்கர வண்டி. 20 வெள்ளி கொடுத்தோம். வண்டிக்காரர் ஒரு சீனப் பெரியவர். மடியில் என்ன என்று மலாயில் கேட்டார். வீடு என்றேன். வாடகைக்குக் கிடைக்குமா என்றார். சிரித்தால் வீடு ஆடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். டாக்டர் பக்கத்திலேயே நடந்து வந்தார், குறுக்கே வந்த மோட்டார் சைக்கிளை எல்லாம் கையைக் காட்டி நிறுத்தினார்.

மேசையில் அவர் ஓர் அட்டை வைத்தார். முதல் வரி: வடிவமைப்பு, விமலா, கிள்ளான். இரண்டாவது வரியில் கட்டியவர் என்று அவர் பெயர், சின்ன எழுத்தில். மத்தியானம் கூட்டத்தில் ஒரு அம்மாவின் கைப்பை மேசையில் இடித்தது. பக்கத்து மேசை மாடலில் ஒரு மரம் சாய்ந்தது. என் மாடி ஆடியது. தூண் இரண்டும் அசையவில்லை. மாலை ஐந்து மணிக்கு விளக்கை அணைக்கும்போதும் நின்றுகொண்டிருந்தது.

கிளம்பும் முன், அங்கே கட்டை விற்ற ஒரு பெண்ணிடம் பதினான்கு வெள்ளை உருளை இருந்தது. ஒன்று 40 சென், அத்தனையையும் வாங்கி மணிக்கூண்டுக்கு என்று டாக்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மணிக்கூண்டிலிருந்து கூடுதலாகக் கழன்று தன் சட்டைப்பையில் கிடந்த நாலையும் அந்தப் பையிலேயே போட்டு, என் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எல்லாம் சேர்த்து எனக்கு 370 வெள்ளி போல ஆனது. ரயில் டிக்கெட்டை இரண்டு வாரம் முன்னால் எடுங்கள், நேரம் மாறும், ஒருமுறை சரிபாருங்கள். ஃபெரிக்கு அட்டையில் காசு ஏற்றிக்கொள்ளுங்கள். மாடல் கொண்டுபோகிறவர்கள் டிரைஷாவே எடுங்கள், விலையை முதலில் பேசிவிடுங்கள். லிட்டில் இந்தியாவில் எதில் சாய்வதற்கு முன்னும் தொட்டுப் பாருங்கள். என் வழிமுறையை இறக்கிய அறுபத்தொரு பேருக்கு: திருத்தியதைப் போட்டுவிட்டேன், 88ஆம் படியில் தூண் இருக்கிறது, யூசுப் அண்ணன் பெயரும் இருக்கிறது. இனி யாருடைய மாடலைக் கட்டி அது விழுந்தாலும், பேசாமல் விட்டுவிடாதீர்கள். ஒரு வரி எழுதிப் போடுங்கள். முதலில் கோபம்தான் வரும், எனக்கும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதினெட்டையும் சாப்பாட்டு மேசையில் ஒன்பது ஒன்பதாக அடுக்கினேன். மேலே வைக்க இன்னும் எதுவும் இல்லை. குணா தட்டோடு வந்து, என்ன இது என்று கேட்டார்.

"வீடு" என்றேன்.

குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தண்ணீர் ஜாடியையும் குழம்புச் சட்டியையும் மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்துவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.