வரும்போது எந்த ஸ்டாப்?

இன்றைக்கு என்ன கிழமை என்று டாக்டரம்மா அப்பாவைத்தான் கேட்டார். "வியாழன்" என்றேன் நான். பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்? அதற்கும் நானே சொன்னேன்.

"நீங்க அவருக்குப் பின்னாடி போய் உட்காருங்கம்மா," என்றார் சிரித்தபடி.

அதன்பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் அப்பா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். வீட்டில் எத்தனை நாளாக இப்படித் திரும்புகிறார், எத்தனை நாளாக நான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

செங்கல்பட்டில் மறதிக்கென்று தனியாகப் பார்க்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்தது என் மகளால். ஏழு வயது. திருப்போரூரில் பள்ளி விட்டதும் அப்பாதான் ஸ்கூட்டரில் கூட்டிவருவார். போன மாதம் ஒருநாள் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். "தாத்தா கடல் காட்டுனாரு" என்று அவள் குதித்தாள். அப்பாவின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் சுற்றியிருக்கிறார்.

தெரிந்த மிருகங்களைச் சொல்லச் சொன்னார் டாக்டர். மாடு, நாய், ஆடு. அத்தோடு நின்றுவிட்டது. வாய் சும்மா இருக்காமல், அப்பா மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டியவர் என்றேன்.

"அப்படியா? ஸ்டாப்பெல்லாம் சொல்லுங்க பாப்போம்."

அப்பா நிமிர்ந்தார். திருப்போரூர் ஆர்ச், செம்பாக்கம் டீக்கடை, செங்கல்பட்டு பைபாஸ், சிங்கப்பெருமாள் கோயில் கேட், கம்பெனி வாசல். யார் தினமும் லேட்டாக ஓடிவந்து ஏறுவார்கள் என்பது வரைக்கும் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

"சரி, திரும்பி வர்றப்போ?"

"கம்பெனி வாசல்..." அடுத்தது வரவில்லை.

அதே ரோடு, அதே டீக்கடை. போகும்போது இருந்தது வரும்போது எங்கே போய்விடுகிறது? பயத்தையும் மீறி எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அன்றைக்கும் பள்ளிவரை சரியாகத்தானே போயிருக்கிறார்.

"ரிவர்ஸ் கியர் வுழ மாட்டேங்குதும்மா," என்றார் அப்பா.

டாக்டர் பேனாவை மூடினார். "என்னன்னு உங்ககிட்டயே சொல்லட்டுமா? இல்ல, பொண்ணுகிட்ட சொன்னா போதுமா?"

"என்கிட்ட சொல்லும்மா. வண்டி என்னுதுதானே."

மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். அதுவரை ஸ்கூட்டர் வேண்டாம். குழந்தையை ஏற்றிக்கொண்டு வேண்டவே வேண்டாம்.

அப்பா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, தோளுக்கு மேலே கையைப் பின்னால் நீட்டினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

"பாப்பா கேட்டா இன்னா சொல்றதுப்பா?"

"நானே சொல்லிக்கிறேன். நீ நடுவுல பேசாத."