ஆற்றங்கரைச் சுவரில் எங்கள் முகங்கள்

எங்கள் தெரு முடிந்து மணிமுத்தாற்றுக்கு இறங்கும் இடத்தில் நீளமான சுவர் ஒன்று உண்டு. அதன் அடியில்தான் தெருக் குப்பை முழுவதும் விழும். மழை வந்தால் அப்படியே ஆற்றுக்குள் போகும். நகராட்சிக்கு மனு எழுதியது நான். படித்துவிட்டு வீட்டில் இருப்பவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தார். ஒரு தடவை வண்டி வைத்து அள்ளித் தருவதாகச் சொன்னார். மாசி மகத்துக்குள் மறுபடி சேர்ந்தால் பெரிய குப்பைத் தொட்டி ஒன்றை அங்கேயே நிரந்தரமாக வைத்துவிடுவாராம். சேராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் வாசலிலிருந்து சுவர் வரை அடி வைத்து அளந்து பார்த்தேன். தொட்டி வந்தால் எங்கள் வாசலிலிருந்து இருபதடி. என் மகளுக்கு நாலு வயது, கொசு கடித்தால் உடனே தடிக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர். கம்பெனியில் கழித்துப் போட்ட சாமான்களைக் கேட்டு வாங்கி வந்தார். குப்பையை அள்ளிய பிறகு, சுவர் அழகாக இருந்தால் யாரும் போட மாட்டார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடி, உடைந்த தட்டு, வால் போன கிளி, மூக்கில்லாத வாத்து எல்லாவற்றையும் சுவரில் சிமெண்ட் பூசிப் பதித்தோம். என் மகள் ஒரு கப்பின் காதைப் பதித்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். நடுவில் காது உடைந்த பிள்ளையார். அது என் யோசனை. கும்பிடும் இடத்தில் யார் குப்பை போடுவார்கள்?

யாரும் போடவில்லை. பூஜை செய்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வாழை இலை, எலுமிச்சம்பழம், எண்ணெய்க் கவர், தீப்பெட்டி எல்லாம் சேர்ந்துவிட்டன. சாமி படத்தைக் குப்பையில் போடக் கூடாது என்று வீட்டில் வைத்திருந்தவர்கள், பழைய காலண்டர்களையும் சட்டம் விட்ட படங்களையும் கொண்டுவந்து பிள்ளையார் காலடியில் சாய்த்துவிட்டுப் போனார்கள். முன்பு இருந்ததைவிடக் குவியல் பெரிதாகிவிட்டது.

பிள்ளையாரை எடுக்கலாமா, எடுத்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று இரண்டு நாள் தவித்துவிட்டு அக்காவிடம் கேட்டேன்.

"கம்பெனியில தெனமும் பத்துப் புள்ளையார ஒடஞ்சதுன்னு கூடையில போடறேன். எனுக்கு என்னாச்சு, நல்லாத்தான இருக்கேன்" என்றார்.

உளியால் பெயர்த்து, அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்ததும் அவர்தான். எனக்கு மனசு கேட்காமல் தனியாகப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

சேர்ந்திருந்த குவியலைத் தெருக்காரர்களே அள்ளினோம். பிள்ளையார் இருந்த இடத்தில் சுவரில் பள்ளம் விழுந்திருந்தது. அங்கே என்ன வைப்பது என்று வீட்டில் புலம்பினேன். "ஒன் மூஞ்சிய வை. ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க" என்றார் கணவர். கோபத்தில் அன்று அவருக்கு இரண்டாவது தோசை ஊற்றவில்லை. ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது, அவர் சொன்னதில் விஷயம் இருப்பதாகப் பட்டது. உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாரும் மாலை போட மாட்டார்கள்.

கழித்துப் போட்ட தட்டுகளில் அக்கா எங்கள் முகங்களை வரைந்து சூளையில் வைத்து எடுத்து வந்தார். மொத்தம் பதினொரு பேர். தெருமுனைப் பூக்கடைக்காரர் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தன் மூக்கு பெரிதாக இருக்கிறது என்று ஒரு வாரம் குறைப்பட்டார்.

மாசி மகத்துக்குச் சில நாள் முன்பு, காலையில் சுவர்ப் பக்கம் ஒரே சத்தம். பூக்கடைக்காரர் முகத்தட்டின் மேல் வாடிய சம்பங்கி மாலை ஒன்று தொங்கியது.

"உசுரோட இருக்கறவனுக்கு மால போட்டது யாரு?" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நான்தாங்க. கடையில மிச்சமானத எப்பவும் இங்கதான கொண்டாந்து போடுவோம். விடியறதுக்கு முன்னாடி ஒங்க மூஞ்சி தெரியலிங்க."

தெரு சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று முதல் கடையில் மிஞ்சும் பூ அவர் வீட்டுக் கொல்லையில் குழிக்குள் போகிறது. கையில் கவரோடு யார் ஆற்றுப் பக்கம் திரும்பினாலும், கடையிலிருந்தபடியே என்ன ஏது என்று விசாரித்துவிடுவார்.

ஆய்வாளர் வந்தபோது நான் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் குச்சியால் சுவரடியைக் கிளறிப் பார்த்தார். ஒரு பீடித்துண்டு மட்டும் கிடைத்தது. தொட்டி வேண்டாம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

"சார், ஒங்க மூஞ்சியும் ஒன்னு வெச்சிடலாமா?" என்று கேட்டார் பூக்கடைக்காரர்.

ஆய்வாளர் சுவரிலிருந்த பதினொரு பேரையும் ஒரு தடவை பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேகமாக வண்டியைக் கிளப்பினார்.