தூக்கிப் பார்த்து வாங்கிய இஞ்சின்

கொரோனா ஊரடங்கெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு கோடையின் கடைசியில் நடந்தது இது. அரியலூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், கொள்ளிடத்துக்கு நடுவே இருக்கும் ஒரு திட்டில் எங்கள் வீடு. கோடையில் மணலில் நடந்தே அக்கரை போய்விடலாம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பால் கொண்டுபோக, பூ கொண்டுபோக, பிள்ளை பெறப் போக, எல்லாவற்றுக்கும் படகுதான். எங்களுக்கென்று ஒரு சின்ன ஃபைபர் படகு உண்டு. அதன் பின்னால் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்த பழைய இஞ்சின் அந்த வருடம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

வேறு வருடமாக இருந்தால் துடுப்புப் போட்டே ஓட்டியிருப்போம். அப்போது என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்திருந்தன. வாரத்தில் இரண்டு நாள் அரியலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்து, காலையிலேயே போய்ச் சேர வேண்டும். டவுனிலேயே ஒரு வீடு பிடித்துத் தங்கச் சொல்லாதவர்கள் இல்லை. மாடுகளையும் பூந்தோட்டத்தையும் விட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது? அதோடு, அவர் திட்டை விட்டு நகர்வதாகவும் இல்லை.

உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம் செய்யும் என் அண்ணன்தான் எங்களை நாகப்பட்டினத்துக்கு அழைத்துப் போனார். நம் பக்கத்தில் படகு இஞ்சினுக்குக் கடை ஏது? கடையில் இரண்டு இஞ்சின்களைக் காட்டினார்கள். பெரியது ஒரு யூரியா மூட்டை கனம். சின்னது அதில் பாதி. பார்த்தவுடனேயே நான் பெரியதை முடிவு செய்துவிட்டேன். அண்ணனும் அதேதான். கடைக்காரரும், "ஆத்துல எதிர்த்தண்ணி இழுக்கும்ங்க. பெருசுதான் தாங்கும்" என்றார்.

என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அவர் இடது கையில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்தக் கையால் எடை எதையும் தூக்கக் கூடாது. நாங்கள் பேசி முடித்ததும் என்னைப் பார்த்து, "பெருசைத் தூக்கிப் பாரு புள்ள" என்றார்.

தூக்கினேன். தரையை விட்டுக் கிளப்பவே முடியவில்லை. "இப்ப சின்னதைத் தூக்கு" என்றார். அது வந்தது. தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பச் சொன்னார். பிறகு அதைத் தண்ணீர்த் தொட்டியில் மாட்டச் சொல்லி, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை என்னையே இழுக்க வைத்தார். கடைக்கு வந்தவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பளு தூக்கும் போட்டிக்கு வந்தவள் போல நின்றேன். எனக்கு மானமே போனது.

"சின்னதே போதும்" என்றார்.

"மாப்ள, இஞ்சினைத் தூக்கவா வாங்குறோம், ஓட்டத்தானே?" என்று அண்ணன் கேட்டார்.

"கரையில வுட்டா களவு போயிடும், தெனமும் கழட்டி வூட்டுக்குக் கொண்டு வரணும் மச்சான். மணல் தட்டுனா நடு ஆத்துல தூக்கணும்."

"ரெண்டு பேராத் தூக்கிக்கங்க. இல்லாட்டி பக்கத்துல ஆள் இல்லையா?"

"ஆளு எப்பவும் இருக்க மாட்டாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடை என்றுகூடப் பார்க்காமல், "சீக்கிரமாப் போய்ச் சேரணும்னுதானேங்க பெருசு கேக்குறேன்? யாருக்காகக் கேக்குறேன்?" என்று கத்திவிட்டேன். அவர் மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ண ஆரம்பித்தார். சின்னதை வாங்கிக்கொண்டு வந்தோம். வரும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. வழியில் சாப்பிட இறங்கினபோதுகூட வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சிக்கனம் பார்க்கிற இடமா இது என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

தண்ணீர் வந்ததும் படகோட்டும் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. அவர் முன்பக்கம் மகாராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு, எந்த இடத்தில் மணல் மேடு, எந்த இடத்தில் சுழி என்று கையைக் காட்டிக்கொண்டே வருவார். ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் பூவை ஏற்றிவிட்டு, "நீ மட்டும் போயிட்டு வா" என்பார். நான் திரும்பும்வரை கரையிலேயே நிற்பார். இறங்கியதும் இஞ்சினைக் கழற்ற நான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. "நீயே தூக்கு" என்பார். உடம்பு முடியாதவருக்கு இவ்வளவு அதிகாரமா என்று அலுத்துக்கொள்வேன்.

ஐப்பசியில் நல்ல மழை. மேலே அணையிலிருந்தும் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். டயாலிசிஸுக்குப் போக வேண்டிய நாளில் ஆறு கரைமுட்ட ஓடியது. அவருக்கு முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாதி ஆறு போவதற்குள் இஞ்சின் கதறியதே தவிர, படகு முன்னேறவில்லை. வெள்ளம் பின்னால்தான் இழுத்துக்கொண்டு போனது. எப்படியோ திருப்பி எங்கள் கரையிலேயே ஒதுக்கினேன். "பெருசு வாங்கியிருந்தா இந்நேரம் அக்கரையில இருந்திருப்போம்" என்று அந்த மழையில் நின்று அவரைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்சினைக் கழட்டு புள்ள, நனையுது" என்றார்.

மறுநாள் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதன் பிறகு அவர் பழையபடி எழவில்லை. கார்த்திகை முடிவதற்குள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். இருதயம் என்றார்கள். தவறிய அந்த ஒரு நாளால் இல்லை என்றும் சொன்னார்கள். அன்றைக்கு ஊர்ப் பெரிய படகே ஆற்றில் இறங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னார். யார் என்ன சொன்னாலும், பெரிய இஞ்சின் அந்த ஆற்றைக் கடந்திருக்கும் என்றே என் மனம் பிடிவாதம் பிடித்தது. இஞ்சினைக் கண்டாலே எரிச்சலாக வரும். அதைவிட அவர்மேல் வந்த கோபம் அதிகம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். அண்ணன் மட்டும் தன்னோடு வந்துவிடும்படி கெஞ்சிப் பார்த்தார். மாடு பட்டினி கிடக்குமே என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் பூவைக் கொண்டுபோக வேண்டும். பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லாமல், மூலையில் கிடந்த இஞ்சினைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. நாகப்பட்டினத்துக் கடையில் வாசல் வரை என்னை நடக்கவைத்தது இந்த நடைக்காகத்தான். நான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இஞ்சின் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ, தான் இல்லாத நாளுக்குத் தேடியிருக்கிறார். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் நான் திட்டியதையெல்லாம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். நானோ அவரை விட்டுவிட்டு வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தேன். அந்த மணலில் இஞ்சினை இறக்கிவைத்துவிட்டு, அழுகை நிற்கும்வரை அழுதேன். பிறகு, பூ வாடிவிடும் என்று எழுந்து போனேன்.

அந்த இஞ்சின் இன்றுவரை ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. என்னால் அதைச் சுலபமாகத் தூக்க முடிகிறது. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும், இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும் என்கிற இஞ்சினாக இது இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இருக்கிறது.