சேர்மன் வீட்டுக் கிணறு

செங்கல்லைக் கையில் எடுத்ததும் ஜம்புலிங்க முதலியார் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதோரம் பிடிப்பார். கணீரென்றால் வண்டியில் ஏறும். மொத்தென்றால் சூளைக்கே திரும்பும். பூந்தமல்லியில் காரை உதிர்ந்த எந்தச் சுவரிலும் அவர் சூளைக் கல் எட்டிப் பார்த்த காலம் அது. மீசையிலும் காது மடலிலும் செம்மண் தூசு படிந்தே இருக்கும். கலெக்டர் துரை வந்த அன்றும் அதை அவர் கழுவவில்லை. கேட்டவர்களிடம், "கழுவினா மட்டும் வெள்ளையா ஆயிடுவேனா?" என்றார்.

தட்டுகிற வழக்கம் செங்கல்லோடு நிற்கவில்லை. பலாப்பழம், தவில், புதுப் போலீஸ் கொட்டடியின் கதவு, எதையும் விட்டதில்லை. மகளுக்கு வரன் பார்க்க ஆவடிப் பக்கம் போனவர், அந்த வீட்டுச் சுவரை ஒரு தட்டுத் தட்டி, "உள்ள வேகல" என்று சொல்லி, வைத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். மாப்பிள்ளையை அவர் பார்க்கவே இல்லை. கடைசியில் மனைவி கன்னியம்மாளின் அண்ணன், குமணன்சாவடி அரிசி மண்டி பரந்தாம முதலியாரின் மகனைப் பேசி முடித்தார்கள். வருகிற தை மாதம் கல்யாணம். அந்த வீட்டுச் சுவரைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. கல் இவர் கொடுத்தது.

ஊர் நிர்வாகத்துக்கென்று யூனியன் போர்டு வந்ததும் இவரைச் சேர்மனாகப் போட்டார்கள். அவர் கூட்டம் போடுவார், ஆனால் கூடுவதற்குள் முடிவு செய்துவிடுவார். முடிவு செய்த கையோடு தமுக்கு அடிக்கச் சொல்லிவிடுவார். என்ன தீர்மானம் ஆயிற்று என்பதை மெம்பர்களே தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஒருமுறை தம்முடைய குடை காணாமல் போனதற்கும் அடிக்கச் சொன்னார். குடை அவர் கக்கத்திலேயே இருந்தது. அதற்கும் ஒரு தமுக்கு அடிக்கப்பட்டது.

தமுக்கு விஷயத்தில் அவர் ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தார். வீட்டு வரி கேட்கப் போனபோது சிலர், "எங்க பக்கம் சத்தமே கேக்கலியே" என்று கையை விரித்தார்கள். சேர்மனுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த அறிவிப்பானாலும் எல்லாத் தெருவிலும் சேரியிலும் அடித்தால்தான் செல்லும். ஓரிடம் விட்டாலும் செல்லாது. தமுக்கடிக்கும் சின்னப்பையன் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

அந்த ஐப்பசியில் ஊரில் வாந்திபேதி கண்டது. ஊர்க்குளத்தில் மேற்கே முதலியார் தெருவுக்குப் படி. கிழக்கே சேரிக்குச் சரிவு. தண்ணீர் என்னவோ ஒன்றுதான். ஜில்லா டாக்டர் அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் மொண்டு வெளிச்சத்தில் பார்த்து, இதைக் குடித்தால் ஊரே போய்விடும் என்றார். சேர்மன் அன்றே இரண்டு பக்கமும் முள் வைத்து அடைத்தார். சரி, எதைக் குடிப்பது? அவருடைய வீட்டுக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் ஊரிலேயே தித்திப்பு. முடிவு வந்துவிட்டது, தமுக்கும் கிளம்பிவிட்டது. "சேர்மன் ஊட்டுக் கெணத்துல எல்லா ஜனங்களும் தண்ணி எடுத்துக்கலாம்" என்று சின்னப்பையன் எல்லாத் தெருவிலும் அடித்தான். சட்டப்படி சேரியிலும் அடித்தான்.

முதலில் வந்தவள் பொன்னியம்மா. அவருடைய சூளையில் கல் சுமக்கிறவள். கொல்லைக் கதவுக்கு வெளியே குடத்தோடு நின்றாள். பின்னால் இன்னும் ஏழெட்டுக் குடங்கள்.

"ஆண்டே, தமுக்குல சொன்னாங்கோ. ஊட்ல எம் புருசன் முனியன் ராவெல்லாம் எடுத்துகினே கீறான். நாக்கு ஒலந்து பூடுச்சு."

ஜம்புலிங்க முதலியாருக்கு அப்போதுதான் தாம் போட்ட சட்டம் நினைவுக்கு வந்தது.

உள்ளேயிருந்து கன்னியம்மாள் குரல் கொடுத்தாள். "தோ பாருங்க, அவங்க கொல்லைக்குள்ள கால வெச்சாங்கன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன். அப்பறம் தமுக்கு அடிச்சித்தான் என்னெத் தேடணும்."

சேதி கேட்டுப் பரந்தாம முதலியாரும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரிடம் வழி இருந்தது. "இதுக்கு இன்னாத்துக்கு மாப்ளே ரோசன? ஆள வெச்சி எறச்சி, வெளிய நிக்க வெச்சி எட்டி ஊத்தச் சொல்லு. காலங்காலமா அப்டித்தான நடக்குது?"

"தமுக்குல 'எடுத்துக்கலாம்'னு சொல்லிக்கீது மச்சான். 'ஊத்துவாங்க'ன்னு சொல்லல."

"அப்பொ இன்னொரு தமுக்கு அடி."

"கொடைக்கு அடிக்கலாம். தண்ணிக்கு மாத்தி அடிச்சா நாளைக்கு எவன் வரி கட்டுவான்?"

ஊர் நன்மைக்காகவா, வரிக்காகவா, பிடிவாதமா என்று அவரைக் கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. சூளை ஆட்களைக் கூப்பிட்டார். தெருவை ஒட்டிய கொல்லைச் சுவரை இடிக்கச் சொன்னார். அதே கல்லை எடுத்துக் கிணற்றுக்கு இந்தப் பக்கம், வீட்டை ஒட்டிப் புதுச் சுவர் எழுப்பச் சொன்னார். முருங்கை மரமும் துளசி மாடமும் வீட்டோடு தங்கின. கிணறு தெருவுக்குப் போய்விட்டது.

பரந்தாம முதலியார் இடிகிற சுவருக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"இன்னா மாப்ளே பண்ற?"

"என் ஊட்டுக் கெணத்துல எறங்கினாத்தான உனக்குத் தீட்டு? தெருக் கெணறு எனக்கு இன்னா சொந்தமா, உனக்கு இன்னா சம்மந்தமா?"

பொழுது சாய்வதற்குள் பொன்னியம்மா தன் கையாலேயே கயிறு விட்டுத் தண்ணீர் சேந்திக்கொண்டு போனாள். முதலியார் தெருவிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. பக்கத்து ஊர் வெள்ளவேட்டில் உறவு இருக்கிறவர்கள் மூட்டை கட்டினார்கள். இல்லாதவர்கள் கோவில் கிணற்றில் சேறு மொண்டு வடிகட்டினார்கள். சுவர் அழகாக எழும்பியிருந்தது. சேர்மன் வீட்டில்தான் இப்போது கிணறு இல்லை.

மறுநாள் விடியும்போது வாசலில் பரந்தாம முதலியாரின் மாட்டு வண்டி நின்றது. வண்டியில் ஒரு பெரிய பீப்பாய். அவரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க கெணத்துத் தண்ணி. கல்யாணம் வரைக்கும் தெனம் அனுப்பறேன். உள்ள எறக்கிக்க. ஊரும் வாயத் தொறக்காது. அந்தக் கெணத்துத் தண்ணியில ஒல வெச்சேன்னு வையி, எம் பையன் உன் ஊட்டு வாசப்படி ஏற மாட்டான். நல்லா ரோசன பண்ணிக்க."

ஜம்புலிங்க முதலியார் பீப்பாயைப் பார்த்தார். அவருடைய மகள் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. உள்ளே போனார். அடுக்களையில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்த கன்னியம்மாள் எழுந்தாள். பித்தளைத் தவலையைப் புளி போட்டு விளக்கி வைத்திருந்தாள். அதைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"எங்கண்ணன் பீப்பாயில மண்ணெண்ண நாத்தம் அடிக்குது. ஒரு தவல பத்தாது. ரெண்டு நட போவணும்."

தவலையோடு வாசலைத் தாண்டி, வண்டியைத் தாண்டி, புதுச் சுவரைச் சுற்றிக்கொண்டு அவர் கிணற்றடிக்கு வந்தார். "மாப்ளே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, திரும்பவில்லை. அவரைக் கண்டதும் பெண்கள் குடங்களை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கிணற்றைச் சுற்றி இடம் காலியாயிற்று. பொன்னியம்மா பாதி இழுத்த கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் அந்தக் காலி இடத்துக்குப் போகவில்லை. மண்குடங்களின் வரிசையில் கடைசிக் குடத்துக்குப் பின்னால் தவலையை வைத்தார். தோளில் கிடந்த சரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து, இரண்டு முறுக்கு முறுக்கி, வட்டமாகச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.